திரும்பி வர ஒரு வழி

ஒரே ஹப்பில் செருகிய இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள ரூட்டர் தேவையில்லை. 192.168.1.10 என்ற முகவரியுள்ள கணினிக்கு 192.168.1.11 எதுவென்று தெரியாவிட்டால், அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கணினிகளையும் ஒருசேரக் கூப்பிட்டுக் கேட்கும். உரிய கணினி மட்டும் தன் ஈதர்நெட் முகவரியைச் சொல்லிப் பதில் தரும். ஏ.ஆர்.பி. என்று பெயர் பெற்ற இந்த விதியை 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதி வெளியிட்டார். கூப்பிட்ட குரல் எட்டும் தொலைவுதான் ஒரு நெட்வொர்க்கின் எல்லை. அந்தக் குரல் எட்டாத இடத்திலிருக்கும் இன்னொரு நெட்வொர்க்குக்குப் போக வேண்டுமானால், இரண்டு பக்கமும் கால் ஊன்றிய ஒரு பெட்டி நடுவில் நிற்க வேண்டும். அதுதான் ரூட்டர்.

2003-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், அப்படி இரண்டு பெட்டிகள் ஒரு மர மேசைமேல் இருந்தன. இரண்டும் சிஸ்கோ 2501. ஒவ்வொன்றின் பின்புறமும் ஓர் ஈதர்நெட் வாயில், இரண்டு சீரியல் வாயில்கள், ஒரு கன்சோல் வாயில். ஈதர்நெட் வாயில் பழைய 15 முள் வகை. இன்றைய கேபிளைச் செருக, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு டிரான்ஸீவரை இடையில் பொருத்த வேண்டியிருந்தது. மேசைக்கு இடப்புறம் ஒரு ஹப்பில் நான்கு கணினிகள், வலப்புறம் இன்னொரு ஹப்பில் நான்கு. இடப்புறக் கணினியிலிருந்து வலப்புறக் கணினிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி போய்ப் பதில் வர வேண்டும் என்பதே மூன்று மாணவர் கொண்ட குழுவுக்குக் கொடுத்த வேலை. அந்த மூவரில் இக்கட்டுரையாளரும் ஒருவர். ரூட்டர்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை மாணவர்களுடையது என்பதால் இடப்புறத்துக்கு நெல்லை என்றும் வலப்புறத்துக்கு மதுரை என்றும் பெயர் வைத்தார்கள்.

முதல் வேலை முகவரி. ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ள ஓர் எண். படிக்க வசதியாக அதை நான்கு துண்டாக்கி, புள்ளி வைத்து எழுதுகிறோம். அதன் முன்பகுதி நெட்வொர்க்கைக் காட்டும். பின்பகுதி அந்த நெட்வொர்க்குக்குள் ஒரு கணினியைக் காட்டும். 1972 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அஞ்சல் துறை கொண்டுவந்த பின்கோடும் இதே உத்திதான். 627-இல் தொடங்கும் கடிதம் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டும், 625-இல் தொடங்குவது மதுரைப் பக்கம். சென்னையில் கடிதம் பிரிப்பவருக்கு இந்த மூன்று இலக்கம் போதும்; எந்தத் தெரு, எந்த வீடு என்பதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தபின் பார்க்க வேண்டியவை. ஆனால் பின்கோட்டில் முன்பகுதி எதுவரை என்பது எல்லோருக்கும் ஒன்றே. ஐபி முகவரியில் அது இடத்துக்கு இடம் மாறும். எதுவரை முன்பகுதி என்பதைச் சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் 24 பிட்டுகள் நெட்வொர்க், சுருக்கமாக /24.

ஒரு கணினி செய்தித் துண்டை, அதாவது பாக்கெட்டை, அனுப்புமுன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: போக வேண்டிய முகவரி என் நெட்வொர்க்கைச் சேர்ந்ததா, வெளியூரா? தன் மாஸ்க்கை வைத்து இரண்டு முகவரிகளையும் மறைத்துப் பார்க்கும். முன்பகுதிகள் ஒன்றாக இருந்தால் உள்ளூர், நேரடியாகக் கூப்பிடும். வேறாக இருந்தால் டீஃபால்ட் கேட்வே என்று எழுதிவைத்த முகவரிக்குத் தள்ளிவிடும். கணினிக்குத் தெரிந்த ரூட்டிங் பெரும்பாலும் இவ்வளவே.

அன்று இடப்புறக் கணினிகளுக்கு 192.168.1.10 முதலும், வலப்புறக் கணினிகளுக்கு 192.168.2.10 முதலும் முகவரிகள் கொடுக்கப்பட்டன. கேட்வே முறையே 192.168.1.1, 192.168.2.1. இவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 1990-களில் ஒதுக்கப்பட்ட தனி முகவரிகள். ஒரு கணினியில் மட்டும் மாஸ்க்கைத் தவறுதலாக 255.255.0.0 என்று யாரோ அடித்துவிட்டார்கள். அந்தக் கணினியின் கண்ணுக்கு 192.168 என்று தொடங்கும் எல்லாமே உள்ளூர். எனவே அது கேட்வேயை நாடாமல், மறுபக்கக் கணினியை நேரடியாகக் கூப்பிடும். பதில் வரக்கூடாது. ஆனால் ரூட்டிங் முடிந்தபின் அதிலிருந்தும் பிங் போனது. பிழை யார் கண்ணிலும் படவில்லை. சிஸ்கோ ரூட்டர், தனக்கு வழி தெரிந்த வெளியூர் முகவரியை யாராவது உள்ளூரில் தேடினால், ‘அது நான்தான், என்னிடம் கொடு’ என்று தானே பதில் சொல்லிவிடும். பிராக்ஸி ஏ.ஆர்.பி. என்பது இதுதான். தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வருவது. சில மாதங்கள் கழித்து அந்த ரூட்டர்கள் இரண்டையும் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு நெட்வொர்க் கார்டு பொருத்திய லினக்ஸ் கணினி ஒன்றை அதே இடத்தில் ரூட்டராக வைத்தபோது, ஏழு கணினிகள் பேசின, ஒன்று மட்டும் ஊமையாயிற்று. லினக்ஸ் அந்த உதவியைத் தானாகச் செய்வதில்லை. கேபிளை மாற்றி, கார்டை மாற்றி, கடைசியில்தான் மாஸ்க்கில் கண் விழுந்தது. வேலை செய்கிறது என்பதற்காக ஓர் அமைப்பு சரியாக இருக்கிறது என்று நம்பக்கூடாத துறை இது.

ரூட்டரோடு பேச அப்போது கன்சோல் வாயில்தான் வழி. வெளிர்நீல நிறத்தில் தட்டையாக வரும் கேபிளின் ஒரு முனை ரூட்டரில். மறுமுனை கணினியின் சீரியல் வாயிலில். கணினியில் ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து வேகத்தை 9600 என்று வைத்தால் ரூட்டரின் பெயரும் ஒரு குறியும் தெரியும். ‘இனேபிள்’, பின் ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று அடித்து உள்ளே போனதும், ஒவ்வொரு வாயிலுக்கும் முகவரியும் மாஸ்க்கும் தர வேண்டும். ஸ்விட்சைப் போல ரூட்டரைச் செருகினால் மட்டும் போதாது. அதன் ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு நெட்வொர்க்கின் குடிமகன்; ஒரே நெட்வொர்க்கை இரண்டு வாயிலுக்குக் கொடுத்தால் ரூட்டர் மறுத்துவிடும்.

நெல்லையின் ஈதர்நெட்டுக்கு 192.168.1.1, மதுரையின் ஈதர்நெட்டுக்கு 192.168.2.1. இரண்டு ரூட்டர்களையும் இணைக்கும் சீரியல் கேபிளும் தனி நெட்வொர்க்தான் என்பது புதியவர்களுக்கு உடனே விளங்குவதில்லை. இரண்டே பேர் வாழும் நெட்வொர்க் அது. அதற்கு 10.0.0.0/30 ஒதுக்கப்பட்டது. /30-இல் நான்கு முகவரிகள். முதலும் கடைசியும் போக மிஞ்சுவது இரண்டு. நெல்லைக்கு 10.0.0.1, மதுரைக்கு 10.0.0.2.

சிஸ்கோ ரூட்டரின் வாயில்கள் தொடக்கத்தில் பூட்டியே இருக்கும். ‘நோ ஷட்டவுன்’ என்று சொன்னால்தான் திறக்கும். சீரியல் வாயிலுக்கு இன்னொன்றும் வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் லீஸ்டு லைனில் கடிகாரத் துடிப்பை அந்த நிறுவனத்தின் கருவி தரும். ஆய்வகத்தில் நிறுவனம் இல்லை, கேபிளின் டி.சி.இ. முனை எந்த ரூட்டரில் செருகியிருக்கிறதோ அது துடிப்பைத் தர வேண்டும். ‘கிளாக் ரேட் 64000’ என்ற ஒற்றை வரி. அதை எழுதாததால் அன்று முக்கால் மணி நேரம் போனது. வாயில் திறந்திருக்கிறது, ஆனால் லைன் புரோட்டோகால் டவுன் என்று இரண்டு ரூட்டர்களும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. எந்த முனை டி.சி.இ. என்று ரூட்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதும் அப்போது தெரியவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, கேபிளின் உறையில் பொறித்த எழுத்தை டார்ச் அடித்துப் படித்தார்கள். கணினித் திரையில் ரூட்டர் படத்தை இழுத்துப்போட்டுப் பழகும் மென்பொருள்கள் இப்போது நிறைய உண்டு. கட்டளைகளை அவை நன்றாகவே கற்றுத்தருகின்றன. கேபிளுக்கு இரண்டு முனை உண்டு, அவை ஒன்றல்ல என்பதை விரலுக்குக் கற்றுத்தருவது மேசையடிதான்.

லைன் எழுந்ததும் ‘ஷோ ஐபி ரூட்’ என்று கேட்டால் ரூட்டர் தன் வழி அட்டவணையைக் காட்டும். நெல்லையில் இரண்டு வரிகள் இருந்தன: 192.168.1.0, 10.0.0.0. இரண்டின் முன்னும் சி என்ற எழுத்து. நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நெட்வொர்க் என்று பொருள். வாயிலுக்கு முகவரி தந்து திறந்தவுடன் இவை தாமாக வந்துவிடும். 192.168.2.0 அந்த அட்டவணையில் இல்லை. பக்கத்தில் மதுரை இருக்கிறது என்பது நெல்லைக்குத் தெரியும். மதுரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அட்டவணையில் இல்லாத ஊருக்கான பாக்கெட்டை ரூட்டர் கீழே போட்டுவிடும். அனுப்பிய கணினிக்கு ‘சேர முடியாத இடம்’ என்று ஒரு செய்தி மட்டும் போகும்.

எனவே வழியை எழுதிவைக்க வேண்டும். கட்டளை ஒரே வரி: ‘ஐபி ரூட்’, பின் போக வேண்டிய நெட்வொர்க் 192.168.2.0, அதன் மாஸ்க் 255.255.255.0, கடைசியாக அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதற்கு 10.0.0.2. ஸ்டாட்டிக் ரூட் என்பது இது. முழுப் பாதையும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் வழி கேட்டால், ‘அந்த ஆலமரத்து முக்கு வரைக்கும் போங்க, அங்க கேளுங்க’ என்பார்கள். ரூட்டருக்குத் தெரிந்ததும் அடுத்த முக்கு மட்டுமே. ஒவ்வொரு முக்கிலும் புதிதாகக் கேட்டு, புதிதாக முடிவெடுத்துத்தான் பாக்கெட் உலகத்தைச் சுற்றுகிறது.

நெல்லையில் அந்த வரியை அடித்ததும், ரூட்டரிலிருந்தே வலப்புறக் கணினிக்குப் பிங் அனுப்பினார்கள். ஒரு புள்ளி, அதற்குப்பின் நான்கு ஆச்சரியக்குறிகள். முதல் பாக்கெட் விழுந்தது, மதுரை அந்தக் கணினியின் ஈதர்நெட் முகவரியைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததால். மற்ற நான்கும் போய்த் திரும்பின. மூவரும் எழுந்து நின்றார்கள். வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம். பிறகு இடப்புறக் கணினியில் உட்கார்ந்து அதே முகவரிக்குப் பிங் அடித்தபோது நான்கு வரிகளும் ‘நேரம் கடந்துவிட்டது’ என்றே வந்தன.

ரூட்டிங் பயின்ற ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறை விழும் குழி இது. இதன் காரணத்தில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

ரூட்டரிலிருந்து புறப்பட்ட பிங்குக்கு அனுப்புநர் முகவரி 10.0.0.1, அதாவது பாக்கெட் வெளியேறிய சீரியல் வாயிலின் முகவரி. பதில் மதுரைக்கு வந்தபோது, 10.0.0.0 நெட்வொர்க் மதுரையும் தொட்டுக்கொண்டிருப்பது என்பதால் வழி தெரிந்திருந்தது. கணினியிலிருந்து புறப்பட்ட பிங்குக்கு அனுப்புநர் முகவரி 192.168.1.10. அது நெல்லையைத் தாண்டி, மதுரையைத் தாண்டி, வலப்புறக் கணினியை ஒழுங்காகச் சேர்ந்தது. அந்தக் கணினி பதிலும் எழுதித் தன் கேட்வேயான மதுரையிடம் கொடுத்தது. மதுரையின் அட்டவணையில் 192.168.1.0 இல்லை. பதில் அங்கேயே விழுந்தது. ‘சேர முடியாத இடம்’ என்ற செய்தியையும் மதுரை அனுப்பியது. ஆனால் பதில் எழுதிய வலப்புறக் கணினிக்கு. காத்திருந்த இடப்புறக் கணினிக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

அந்த ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர் வயதில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் ‘சார்’. அவர் விடையைச் சொல்லவில்லை. வழி எழுதுவதற்கு முன்னும் பின்னும் கணினித் திரையில் வந்த செய்தி மாறியிருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா என்று மட்டும் கேட்டார். முன்பு 192.168.1.1-இடமிருந்து ‘சேர முடியாத இடம்’ என்ற பதில், இப்போது மௌனம். முதலாவது, வழி தெரியாது என்று பக்கத்து ரூட்டரே கைவிரிப்பது. இரண்டாவது, போனது திரும்பவில்லை என்பது. பிறகு மதுரையின் கன்சோலில் ‘டீபக் ஐபி பாக்கெட்’ போடச் சொன்னார். 192.168.2.10-இலிருந்து 192.168.1.10-க்குப் போகும் பாக்கெட் வரிசையாக வந்து, ஒவ்வொன்றின் எதிரேயும் ‘அன்ரூட்டபிள்’ என்று விழுந்தது. போன பாக்கெட் எதுவும் தொலையவில்லை. தொலைந்தவை எல்லாம் பதில்கள்.

மதுரையில் எதிர்வழியை எழுதியதும் பிங் போய் வந்தது. போக ஒரு வழியும் வர ஒரு வழியும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றது தானாகப் பிறக்காது. பெரிய இணையத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு ரூட்டர்கள் வழியாகவும், சில சமயம் வெவ்வேறு நாடுகள் வழியாகவும்கூடப் போகும். ரூட்டர் தவறை ஆராயும்போது இரண்டு முனையிலும் நின்று பார்க்கச் சொல்வது அதனால்தான். ரூட்டரிலிருந்தே சோதிப்பதானால், பிங்கின் அனுப்புநர் முகவரியை ஈதர்நெட் வாயிலின் முகவரியாக மாற்றிச் சோதிக்க வேண்டும். அன்று அப்படிச் செய்திருந்தால் குழி முன்பே தெரிந்திருக்கும்.

எல்லா நெட்வொர்க்கையும் தனித்தனியே எழுதாமல், தெரியாததையெல்லாம் ஒருவரிடம் தள்ளிவிடும் வழியும் உண்டு. நெட்வொர்க்கும் மாஸ்க்கும் இரண்டுமே 0.0.0.0 என்று எழுதினால் அது டீஃபால்ட் ரூட். ஒரே வாசல் உள்ள வீட்டுக்கு இது போதும். இன்று வீடுகளில் உள்ள ரூட்டர்கள் இதை நம்பித்தான் இயங்குகின்றன. இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் குழுவில் ஒருவர் பழைய வரிகளை நீக்கிவிட்டு, நெல்லையின் டீஃபால்ட்டை மதுரைக்கும் மதுரையின் டீஃபால்ட்டை நெல்லைக்கும் காட்டிவைத்தார். எட்டுக் கணினிகளும் பேசின. சார் 172.16.5.5 என்ற, எங்குமே இல்லாத முகவரிக்கு ‘டிரேஸ்ரூட்’ போடச் சொன்னார். 10.0.0.2, 10.0.0.1, மறுபடி 10.0.0.2 என்று முப்பதாவது வரிவரை இரண்டு முகவரிகளும் மாறி மாறி வந்தன. நெல்லைக்குத் தெரியாததை மதுரையிடம் தள்ள, மதுரை திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. இந்தச் சுழலுக்கு முடிவுகட்டுவது ஒவ்வொரு பாக்கெட்டிலும் எழுதியுள்ள டி.டி.எல். என்ற ஆயுள் எண். ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும். பூஜ்யத்தைத் தொட்டால் பாக்கெட் அழிக்கப்படும். விண்டோஸ் கணினி 128 என்று எழுதி அனுப்பும். அப்படியானால், போகுமிடம் இல்லாத ஒரு பிங் அந்த 64 கிலோபிட் லைனை 127 முறை கடந்துவிட்டுத்தான் சாகும். வேன் ஜேக்கப்சன் டிரேஸ்ரூட்டை எழுதியபோது இந்த ஆயுள் எண்ணையே கருவியாக்கினார். ஆயுளை 1, 2, 3 என்று கூட்டி அனுப்பினால், ஒவ்வொரு முக்கிலும் பாக்கெட் செத்து, அந்த முக்கின் பெயரைச் சொல்லிவிடும்.

ஒரு முகவரிக்கு அட்டவணையில் இரண்டு வரிகள் பொருந்தினால், நீளமான மாஸ்க் உள்ள வரியே வெல்லும். டீஃபால்ட் ரூட்டின் மாஸ்க் நீளம் பூஜ்யம் என்பதால் எல்லோருக்கும் கடைசியில்தான் அதன் முறை. எளிய விதிதான். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானின் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று, உள்நாட்டில் யூடியூபைத் தடுக்க 208.65.153.0/24 என்ற வழியை எழுத, அது வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. 24 நீளமானது என்பதால் உலகின் பல மூலைகளிலிருந்தும் யூடியூபுக்கான பாக்கெட்டுகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பின. ஆய்வக மேசையில் கற்ற அதே விதி.

சில வாரங்கள் கழித்து மூன்றாவது ரூட்டர் வந்தது. திருச்சி என்று பெயர். மதுரையின் இரண்டாவது சீரியல் வாயிலில் அது இணைந்தது. அந்த லைனுக்கு 10.0.0.4/30, அதன் பின்னே 192.168.3.0. எல்லோரும் எல்லோரையும் அடைய, நெல்லையில் மூன்று, மதுரையில் இரண்டு, திருச்சியில் மூன்று என எட்டு ஸ்டாட்டிக் வரிகள் தேவைப்பட்டன. நான்காவது ரூட்டர் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொட வேண்டும். ரூட்டர்களே தமக்குள் பேசி வழி கற்றுக்கொள்ளும் ரிப் என்ற முறைக்குப் போனது அப்போதுதான். சார்லஸ் ஹெட்ரிக் 1988 ஜூனில் எழுத்தில் வடித்த விதி அது. ஒவ்வொரு ரூட்டரும் தனக்குத் தெரிந்த ஊர்களையும் அவற்றுக்கு எத்தனை முக்கு தூரம் என்பதையும் 30 விநாடிக்கு ஒருமுறை அண்டை ரூட்டருக்குச் சொல்லும். 15 முக்குவரை போகலாம். 16 என்றால் அடைய முடியாத தொலைவு. லைனின் வேகத்தை அது பார்ப்பதில்லை. வேகத்தையும் கணக்கில் எடுக்கும் ஓ.எஸ்.பி.எஃப். முறையைப் பெரிய நிறுவனங்கள் நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘ரூட்டர் ரிப்’, பின் தொட்டுக்கொண்டிருக்கும் நெட்வொர்க்குகளின் பெயர்கள், அவ்வளவே கட்டளை. அடித்துவிட்டுக் காத்திருந்தும் அட்டவணையில் ஆர் என்ற எழுத்து ஒன்றுகூட வரவில்லை. பழைய ஸ்டாட்டிக் வரிகள் அப்படியே கிடந்தன. ரூட்டர் ஒவ்வொரு வகை வழிக்கும் ஒரு நம்பிக்கை எண் வைத்திருக்கிறது: நேரடி இணைப்புக்கு 0, மனிதர் எழுதியதற்கு 1, ரிப் சொன்னதற்கு 120. குறைவான எண்ணே வெல்லும். கையால் எழுதியது இருக்கும்வரை அண்டை வீட்டார் சொல்வது அட்டவணை ஏறாது. எட்டு வரிகளையும் ‘நோ’ போட்டு நீக்கிய அடுத்த அரை நிமிடத்தில் நெல்லையில் 192.168.2.0-க்கு எதிரே 120/1 என்றும், 192.168.3.0-க்கு எதிரே 120/2 என்றும் வந்தன. ரிப்பை முதலிலேயே கற்றுக்கொடுத்திருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த இரண்டு வரிகளும் எங்கிருந்து வந்தன, எதை மிச்சப்படுத்தின என்பது மட்டும் விளங்கியிருக்காது. கையால் வழி எழுதிப் பழகாதவருக்கு டைனமிக் ரூட்டிங்கைக் கற்பிக்காமல் இருப்பதே நல்லது.

அன்று மாலை மின்சாரம் போனது. அரை மணி நேரத்தில் திரும்பியபோது மூன்று ரூட்டர்களும் பெயரிழந்து, தொடக்கக் கேள்விகளைக் கேட்கட்டுமா என்று புதிய பெட்டிகளைப் போல நின்றன. அடித்த கட்டளைகள் எல்லாம் தற்காலிக நினைவகத்தில் இருந்தவை, மின்சாரத்தோடு போய்விட்டன. ஒருவர் தன் ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு வரியையும் எழுதிவைத்திருந்தார். அவர் படிக்க மற்ற இருவரும் அடித்தார்கள். கடைசியில் மூன்றிலும் ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் அமைப்பு எழுதப்பட்டதும் ‘ஓகே’ என்று வந்தது. சார் மூன்றின் சுவிட்சையும் வேண்டுமென்றே அணைத்துப் போட்டார். ரூட்டர்கள் எழுந்து, வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, நெல்லையின் அட்டவணையில் முதலில் சி வரிகள் இரண்டும், சிறிது நேரத்தில் ஆர் வரிகள் மூன்றும் வந்து நின்றன. இடப்புறக் கணினியிலிருந்து திருச்சியின் கணினிக்கு ஒரு பிங். பிறகு திருச்சியில் உட்கார்ந்து இடப்புறத்துக்கு ஒரு பிங்.